இந்தியானாவின் மூவரை நான் சிறைக்கு அனுப்பினேன்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இந்தியானா என்றொரு மாநிலம் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், மாநிலமாகப் பிறந்த ஈரம் காயாத நாட்களிலேயே, அது ஜனாதிபதித் தேர்தலில் முதல்முறையாகக் கலந்துகொண்டது. அதற்கு இருந்த உரிமை மூன்றே மூன்று வாக்குகள். அந்த மூன்றையும் தலைநகரத்தில் கிழித்துக் குப்பையில் போட்டார்கள் என்றும், வாக்களித்த மூன்று பேரையும் பிடித்து உள்ளே தள்ளினார்கள் என்றும் நான் முழுமனதோடு நம்பினேன்.

நம்பியதோடு நின்றிருந்தால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு எண்பது பேருக்கு முன்னால் அதைச் சொன்னேன்.

இந்தத் தொடரில் என் கோமாளித்தனங்களை எழுதும்போதெல்லாம் வாசகர்கள் சிரித்ததாக ஆசிரியர் சொல்கிறார். அகதி முகாமில் ஆட்டிறைச்சி என்று நினைத்து நாய் உணவு டின்னைத் திறந்த கதைக்கு ஏழு கடிதங்கள் வந்தனவாம். இந்த வாரமும் நீங்கள் சிரிக்கலாம். நான் சேர்ந்து சிரிப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாகக் கூப்பிட்ட பெயர்

மேற்கு ஜெர்மனியில், பழைய நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றின் மண்டபம். வெளியே வசந்தகால மழை. நாற்காலிகளின் முதுகில் தொங்கிய ஈர மேலங்கிகளின் வாடையும், பின்பக்க மேசையில் அடுக்கியிருந்த ஆட்டிறைச்சி ரோல்ஸின் வாசமும் கலந்து மண்டபத்தை நிறைத்தன. ஜெர்மனியெங்கும் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பாடசாலைகளின் ஒன்றியத்துக்கு அன்று தலைவர் தேர்தல்.

பதின்மூன்று ஊர்கள். ஊருக்கு மூன்று வாக்குகள். தேர்தலை நடத்தியவர் கதிரவேலு மாஸ்டர், இலங்கையில் கணிதம் படிப்பித்தவர். ஒவ்வொரு ஊரின் பெயரையும் சொல்லுமுன் பேனையால் ஒலிவாங்கியை இரண்டு தட்டுத் தட்டுவார். பன்னிரண்டு ஊர்கள் போட்டு முடித்துவிட்டன. கடைசியாக, எல்லோருக்கும் புதியவர்களான எங்கள் ஊர்.

டொக், டொக். “ஹாலே.”

நான் எழுந்தேன். என் இடப்பக்கம் என் மகள் ஆதிரை. வலப்பக்கம் பிரபு. நாங்கள் மூவரும்தான் ஹாலேயின் பிரதிநிதிகள். செயலாளர் என்ற முறையில் மூன்று பேரின் பச்சை வாக்கு அட்டைகளும் என் சட்டைப் பையில் இருந்தன. அட்டையைக் கொடுத்தால் மாஸ்டர் சீட்டுத் தருவார். சீட்டை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். நான்கு வயதுப் பிள்ளையும் செய்து முடிக்கிற வேலை.

ஆனால் என் மேலங்கியின் உட்பையில் இன்னொன்றும் இருந்தது. ஒரு மஞ்சள் உறை. அது அங்கே இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த மேசைக்கு நான் நடந்த பதினைந்து அடிகளை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால், நீங்கள் கொஞ்சம் பின்னால் வரவேண்டும்.

பதினொரு பிள்ளைகள்

கிழக்கு ஜெர்மனியில் இருக்கிற ஹாலேயில் நான் ட்ராம் ஓட்டுகிறேன். அங்கே தமிழர்கள் குறைவு. மேற்கில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஒருவர் கட்டாயம் கேட்பார்: “அங்கால கிழக்கிலயும் எங்கட ஆக்கள் இருக்கினமோ?” நான் சொல்லுவேன்: “ஓம், ஆனா எங்களைப் பாக்கிறதுக்கு டிக்கெட் எடுக்கவேணும்.”

இருக்கிற கொஞ்சப் பேரின் பிள்ளைகளைக் கூட்டி ஆதிரை ஒரு தமிழ் வகுப்புத் தொடங்கினாள். தேவாலயம் ஒன்றின் பக்கத்து அறை. கதவில் அவளே வெட்டி ஒட்டிய நிற எழுத்துகள். பதினொரு பிள்ளைகள். பாதி யாழ்ப்பாணத்து வீடுகள், பாதி தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் வீடுகள். கோயம்புத்தூர்க்காரரான பிரபு பக்கத்து நகரமான லைப்சிக்கில் மென்பொருள் எழுதுகிறவர். அவருடைய மகள் நிலாதான் வகுப்பிலேயே சின்னவள்.

ஒன்றியம் வருடத்துக்கு ஒருமுறை நாடு முழுவதும் ஒரே நாளில் பரீட்சை வைக்கும். பரீட்சை நிலையங்கள் எல்லாம் மேற்கில். எங்கள் பிள்ளைகள் நான்கு மணி நேரம் பயணம் செய்து போய் எழுத வேண்டும். முதல் வருடம் இரண்டு பேர் வழியில் சத்தி எடுத்தார்கள். நிலா விடைத்தாளிலேயே தலையை வைத்துத் தூங்கிப்போனாள். எழுப்பியபோது அவளுடைய கன்னத்தில் அவள் எழுதிய விடை தலைகீழாகப் பதிந்திருந்தது. மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை சிரித்தார். ஆதிரை சிரிக்கவில்லை.

அதற்கடுத்த வருடமும் அதே பயணம். பெற்றோர் பொறுமையிழந்தார்கள். “இன்னொரு முறை இப்பிடி எண்டால் நாங்கள் நிப்பாட்டுறம், பிள்ளை” என்று ஆதிரையிடம் நேராகவே சொன்னார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது.

அப்போதுதான் வதனி அக்கா தலைவர் பதவிக்குப் போட்டியிட்டா. தெற்கே ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறவ. தொலைபேசியில் ஆதரவு கேட்கவில்லை. ரயிலேறி ஹாலேக்கு வந்தா. வகுப்பின் கடைசி வரிசையில், பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் நாடியில் இடிக்க இரண்டு மணி நேரம் இருந்து பார்த்தா. போகும்போது ஆதிரையிடம் சொன்னா:

“நான் வந்தால் உங்களுக்கு இஞ்சயே பரீட்சை நிலையம். எழுதித் தரட்டோ?”

“வேண்டாம் அக்கா, நீங்கள் சொன்னாக் காணும்” என்றாள் ஆதிரை.

அப்போது தலைவராக இருந்த யோகன் அண்ணை கெட்ட மனுசர் இல்லை. “கிழக்கில பிள்ளையள் கூடட்டும், பிறகு பாப்பம்” என்பது அவருடைய நிலைப்பாடு. பிள்ளைகள் கூட வேண்டுமென்றால் நிலையம் வேண்டும், நிலையம் வேண்டுமென்றால் பிள்ளைகள் கூட வேண்டும். எங்கள் ட்ராம் பாதையில் வட்டமாகச் சுற்றும் தண்டவாளம் ஒன்று இருக்கிறது. அதில் ஏறினால் எங்கேயும் போய்ச்சேர முடியாது. அதுதான் ஞாபகம் வந்தது.

வாக்குரிமை வேண்டுமென்றால் முறையான சங்கமாக வேண்டும். ஏழு பேர் கையெழுத்துப் போட்டுச் சங்கம் அமைத்தோம். என் எழுத்து முத்து முத்தாக இருக்குமென்று என்னைச் செயலாளராக்கினார்கள். கோடைக்காலப் பொதுக்கூட்டத்தில் ஒன்றியம் எங்களைக் கைதட்டிச் சேர்த்துக்கொண்டது. மிச்சம் இருந்தது நீதிமன்றத்தில் சங்கத்தைப் பதிவு செய்வது ஒன்றுதான். பத்திரங்களை நானே நிரப்பி அனுப்பினேன். நானே என்பதைக் கவனியுங்கள்.

மஞ்சள் நிறம்

தேர்தலுக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது தபால்காரர் அந்த உறையை எங்கள் பெட்டியில் போட்டார்.

ஜெர்மனியில் அகதியாக வந்து இறங்கிய எந்தத் தமிழனிடமும் மஞ்சள் உறை என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். நீதிமன்றமும் அலுவலகங்களும் முக்கியமான கடிதங்களை அந்த நிறத்தில்தான் அனுப்பும். கொண்டுவந்த தபால்காரர் வெளியே தன் கையால் திகதியை எழுதிவிட்டுப் போவார். அன்றிலிருந்து பதில் சொல்லும் கெடு ஓடும். எனக்கு அகதி அந்தஸ்து இல்லையென்று சொன்ன கடிதமும் மஞ்சள் உறையில்தான் வந்தது. பத்தொன்பது வயது. முகாமின் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் விளங்காமல், கடைசியில் இருந்த முத்திரையை மட்டும் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மேன்முறையீடு, வதிவிட உரிமை, வேலை, கல்யாணம், மகள், எல்லாம் வந்தன. மஞ்சள் மட்டும் வயிற்றைவிட்டுப் போகவில்லை. ஒருமுறை அப்படியோர் உறை வந்தபோது இரண்டு நாட்கள் சோறு இறங்கவில்லை. திறந்து பார்த்தால், தடைசெய்த இடத்தில் கார் நிறுத்திய விவகாரம்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மஞ்சள் உறை வந்தால் என் மனைவி சுகந்தி அதைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து, மேலே திருநீறு தூவிவிடுவாள். ராகுகாலம் கழிந்து, குளித்துவிட்டு, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துதான் திறப்போம். ஆதிரை பல்கலைக்கழகத்துக்குப் போனபிறகும் இது மாறவில்லை. “கோர்ட்டுக் கடிதத்துக்கு அர்ச்சனை செய்யிற ஒரே வீடு எங்கட வீடுதான்” என்பாள்.

இந்த உறையை நான் பிள்ளையாருக்குக்கூடக் காட்டவில்லை.

காரணம் இருந்தது. முப்பது வருடமாகச் சோம்பலிலும் பயத்திலும் தள்ளிப்போட்டு, ஒருவழியாக அந்தக் குளிர்காலத்தில்தான் ஜெர்மன் குடியுரிமைக்கு அன்ட்ராக் போட்டிருந்தேன். அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: உங்கள்மேல் ஏதாவது விசாரணை நடக்கிறதா? இல்லை என்ற பெட்டியில் புள்ளடி போட்டுவிட்டு, சரியான பெட்டிதானா என்று மூன்றுமுறை பார்த்தேன். இப்போது என் பெயரும் சங்கத்தின் பெயரும் சேர்ந்து நீதிமன்றத்திலிருந்து மஞ்சள் உறை. சங்கத்தை நிராகரித்துவிட்டார்கள் என்று திறக்காமலே முடிவு கட்டினேன். நிராகரித்த சங்கத்தின் பெயரில் வாக்களித்தால்? அது மோசடி அல்லவா? மோசடி என்றால் விசாரணை. விசாரணை என்றால் அந்தப் பெட்டியில் போட்ட புள்ளடி பொய். பொய் சொன்னவனுக்குக் குடியுரிமை எங்கே?

பத்து நாட்களும் அந்த உறை மேலங்கிப் பைக்குள் என்னோடு ட்ராம் ஓட்டியது.

வடைச்சட்டியும் வாஷிங்டனும்

இந்த இடத்தில் இந்தியானா எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஆதிரை லைப்சிக்கில் அமெரிக்க வரலாறு படிக்கிறாள். அவளுடைய பட்ட ஆய்வே அந்த மாநிலத்தின் முதல் தேர்தல் பற்றியதுதான். யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்கு ஜெர்மனியில் பிறந்த மகள் இந்தியானாவைப் பற்றி ஏன் எழுதவேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். “ஆரும் எழுதேல்லை எண்டுதான்” என்றாள்.

உறை வந்த வாரக்கடைசி. நான் சமையலறையில் கடலை வடை சுட்டுக்கொண்டிருந்தேன். அவள் மேசையில் ஏறி இருந்து, சூட்டோடு ஒன்றைப் பிய்த்து ஊதியபடி கதை சொன்னாள்.

“அப்பா, சனம் ஒருத்தரும் வாக்குப் போடேல்லை தெரியுமே? சட்டசபைதான் மூண்டு பேரைத் தெரிஞ்செடுத்தது. அந்த மூண்டு பேரும்தான் ஜனாதிபதிக்குப் போட்டவை.”

“நல்ல முறை. வரிசையில நிக்கத் தேவையில்லை.”

“கேளுங்கோவன். அவை வாக்குப் போட்டு ஒரு கிழமையால்தான் காங்கிரஸ் இந்தியானாவை மாநிலம் எண்டு முறைப்படி ஏற்றுக்கொள்ளுது.”

என் கரண்டி நின்றது. “அப்ப அவை போடேக்க அது மாநிலமே இல்லையோ?”

“அதுதானே பிரச்சினை! மற்ற எல்லா மாநிலத்தையும் எண்ணி முடிச்சு, கடைசியா இந்தியானாவை எடுக்கேக்க ஒருத்தர் எழும்பி, இந்த வாக்குகள் செல்லாது எண்டு சொல்லிப்போட்டார். சபையே குழம்பிப்போச்சு.”

“பிறகு?”

அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அடித்தது. வேலைத்தளத்தில் ஒருவருக்குக் காய்ச்சலாம், நாளை காலைச் சுற்றை நான் எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். பேசி முடித்துத் திரும்பியபோது ஆதிரை அறைக்குள் போய்த் தோழியோடு திரையில் கதைத்துக்கொண்டிருந்தாள். சட்டியில் வடை கருகியிருந்தது.

கதையின் மிச்சத்தை நான் கேட்கவேயில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை, எனக்கே தெரிந்திருந்தது. முறைப்படி பதிவாகாத இடம், மூன்று பேர், கடைசி வரிசை, எழுந்து நிற்கும் ஒருவர். அன்றிரவே என் தலைக்குள் வாக்குகள் கிழிந்தன. அடுத்த நாள் ட்ராமில் மூன்றாவது தரிப்பிடம் வருவதற்குள் அந்த மூவருக்கும் விலங்கு பூட்டியாயிற்று. ஆறாவது தரிப்பிடத்தில் மூவரில் ஒருவருக்கு என் முகம் வந்துவிட்டது.

நான் போட்ட நாடகம்

இனி மண்டபத்துக்குத் திரும்புவோம். மேசைக்குப் போன நான் அட்டைகளைக் கொடுக்கவில்லை. ஒலிவாங்கியை எடுத்தேன்.

“மாஸ்டர், ஒரு சின்னச் சிக்கல். எங்கட சங்கம் இன்னும் கோர்ட்டில பதியப்படேல்லை. நாங்கள் போட்டால் செல்லுமோ தெரியாது.”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்களைக் கோடையில சேர்த்தாச்சு. ஆரும் ஆட்சேபிக்கேல்லை. நீங்கள்தான் உங்களுக்கே எதிரா எழும்பி நிக்கிறியள்.”

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. சிரிப்புக் கேட்டால் நிறுத்தத் தெரியாத சாதி நான். வாய் தன்பாட்டில் ஓடத் தொடங்கியது.

“சிரியாதேங்கோ! அமெரிக்காவில இந்தியானா எண்டொரு இடம். எங்களை மாதிரித்தான், கிழக்கால இல்லாட்டியும் ஒரு மூலைக்கால. பதியிறதுக்கு முன்னமே அவசரப்பட்டு மூண்டு பேர் வாக்குப் போட்டிச்சினம். என்ன நடந்தது? வாக்கு குப்பைக்குள்ள, ஆக்கள் கம்பிக்குள்ள! மூண்டு பேருக்கும் ஒரே சங்கிலி. ஒருத்தர் பாத்ரூம் போறதெண்டால் மற்ற ரெண்டு பேரும் கூடப் போகவேணும்!”

எண்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அந்தச் சங்கிலியை நானே நடந்து காட்டினேன். ஒரு கை மட்டும் மேலங்கியின் மேலாக உறையைப் பொத்திப் பிடித்திருந்தது.

“அப்பா.”

ஆதிரை எழுந்து நின்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

“அப்பா, அது அப்பிடி நடக்கேல்லை. நான் சொல்லுறன்…”

“நீ சும்மா இரு, பிள்ளை. பெரியாக்கள் கதைக்கேக்க இடையில வராதை.”

ஒலிவாங்கி என் கையில் இருந்ததால் அது மண்டபம் முழுவதும் கேட்டது. இந்தியானாவைப் பற்றி அந்த மண்டபத்தில் உண்மை தெரிந்த ஒரே ஆள் அவள். அந்தப் பதினொரு பிள்ளைகளின் ஆசிரியை அவள். இருபத்துமூன்று வயது. ட்ராமில் டிக்கெட் எடுக்காத பயணிகளிடம்கூட நான் அந்தத் தொனியில் பேசியதில்லை. அதற்கும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அவள் உட்கார்ந்தாள்.

பிரபு கையில் தொலைபேசியோடு எழுந்தார். “அண்ணா, ஒரு நிமிஷம். யூனியன் விதிகள் என்கிட்ட இருக்கு. மெம்பரா சேர்த்தாலே போதும்னு க்ளியரா போட்டிருக்கு. ரெஜிஸ்ட்ரேஷன் கேக்கவேயில்ல.”

“தம்பி பிரபு, இது உங்கட கம்ப்யூட்டர் இல்லை. பிழைச்சால் நிப்பாட்டித் திரும்பப் போட ஏலாது!”

மறுபடி சிரிப்பு.

முன்வரிசையிலிருந்த வதனி அக்கா திரும்பினா. அவவுடைய முகத்தில் சிரிப்பு இல்லை. “அண்ணை, போடுங்கோ. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் ஏன் பயப்பிடுறியள்?”

அந்த ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். உள்பையிலிருந்து உறையை எடுத்து, ‘இதுக்குத்தான் அக்கா’ என்றிருந்தால் போதும். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் மஞ்சள் உறை கண்டவர்கள். ஒரு நிமிடத்தில் திறந்து வாசித்திருப்பார்கள்.

“பயம் இல்லை அக்கா. சட்டம் எண்டால் சட்டம்” என்றேன்.

மாஸ்டர் ஒரு கடதாசியை நீட்டினார். ஹாலே வாக்களிக்கவில்லை என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று பச்சை அட்டைகளையும் அதன்மேல் வைத்தேன். அவற்றில் இரண்டு என்னுடையவை அல்ல.

எண்ணினார்கள். யோகன் அண்ணைக்குப் பத்தொன்பது, வதனி அக்காவுக்குப் பதினேழு.

நான் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பதற்கு முன்னரே யோகன் அண்ணை மேடைக்கு வந்துவிட்டார். நன்றி சொன்னார். பிறகு, “இண்டைக்கு இந்த மண்டபத்தில ஒரு நேர்மையான மனுசனைக் கண்டன்” என்று சொல்லி என்னைக் கூப்பிட்டு, தனக்குப் போட்ட பொன்னாடையைக் கழற்றி என் தோளில் போட்டார். கைதட்டினார்கள். ஓரத்தில் தங்கச் சரிகை வைத்த சிவப்புச் சால்வை. கழுத்தில் குத்தியது.

அதை நான் கழற்றவில்லை. எப்படிக் கழற்றுவதென்று தெரியவில்லை.

பிரபுவின் கார்

திரும்பும்போது பிரபு ஓட்டினார். ஆதிரை முன்னால். நான் பின்னால், சால்வையோடு. ஆட்டோபானில் பாரவண்டிகள் மழைநீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. வழக்கமாக அந்தப் பயணங்களில் நான்தான் வானொலி. அன்று துடைப்பான்களின் சத்தம் மட்டும்.

வெகுநேரத்துக்குப் பிறகு பிரபு கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அண்ணா, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ரெஜிஸ்டர் ஆகலைன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

உட்பைக்குள் கைவிட்டு உறையை எடுத்தேன். பத்து நாட்களில் அதன் மூலைகள் மழுங்கி, மடிந்த இடத்தில் மஞ்சள் வெளுத்திருந்தது.

பிரபு பார்த்தார். “இன்னும் திறக்கவேயில்லையா?”

ஆதிரை திரும்பாமலே பின்னால் கையை நீட்டினாள். கொடுத்தேன். விரலால் கிழித்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஒரு பக்கம்தான். வாசித்துவிட்டு மடித்து மடியில் வைத்தாள்.

“என்னவாம், பிள்ளை?”

“சங்கத்தின்ர யாப்பில, தொடங்கின திகதி எழுதேல்லையாம். அதை எழுதி அனுப்பட்டாம். ஒரு மாசம் தந்திருக்கினம்.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான்.”

விதிகள் அடங்கிய அந்த யாப்பை எழுதியவன் நான். திகதிக்குப் புள்ளிக்கோடு போட்டு, பிறகு நிரப்புவோம் என்று விட்டவன் நான். உறையைக் கண்ட அன்றே திறந்திருந்தால், ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்திருக்கும் வேலை.

பிரபு பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய நிலாவும் அந்தப் பதினொன்றில் ஒருத்தி. அவர் என்னைத் திட்டியிருந்தால் சால்வை கொஞ்சம் இலேசாகியிருக்கும்.

“அப்ப இந்தியானா?” என்று கேட்டேன். ஏன் கேட்டேனென்று தெரியாது. ஏதாவது ஓரிடத்தில் நான் சரியாக இருந்திருக்க வேண்டுமென்ற ஆசையாக இருக்கலாம்.

ஆதிரை கடிதத்தை உறைக்குள் திரும்ப வைத்தாள்.

“ஆட்சேபிச்சவர் நியூயோர்க்கைச் சேர்ந்தவர். ரெண்டு சபையும் பிரிஞ்சு போய்க் கதைச்சவை. இந்தியானாவின்ர பிரதிநிதிகள் அதுக்கு முன்னமே சபையில இருக்கினம், அப்ப மாநிலம் இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்டிச்சினம். கடைசியில அந்தக் கேள்வியையே ஒத்திவைச்சுப்போட்டு, திரும்பி வந்து மூண்டு வாக்கையும் எண்ணினவை.”

“ஒருத்தரையும் பிடிக்கேல்லையோ?”

“ஏன் பிடிக்கவேணும்?”

மழை விட்டிருந்தது. பிரபு துடைப்பானை நிறுத்தினார்.

“இன்னொண்டு அப்பா. அந்தத் தேர்தலில வெண்டவர் சும்மா அள்ளிக்கொண்டு போனவர். இந்தியானாவின்ர மூண்டும் இல்லாட்டியும் அவர்தான் ஜனாதிபதி. எங்கட மூண்டும்…” அவள் அதை முடிக்கவில்லை; பதினேழும் மூன்றும் இருபது. முன்னைவிட மெதுவாகச் சொன்னாள்: “இந்தியானாக்காரர் ஒருத்தரும் தங்களுக்கு எதிரா எழும்பேல்லை, அப்பா.”

வீட்டுக் கதவைத் திறந்த சுகந்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இதென்ன சால்வை? வெண்டிட்டியளோ?”

நான் வாயைத் திறக்க முதல் ஆதிரை எங்கள் இருவரையும் கடந்து தன் அறைக்குப் போனாள்.

பிறகு நடந்தவை

மன்னிப்புக் கேட்டேன். முதல் மூன்று தடவையும் பகிடியாகக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து தன் அறைக்குப் போனாள். நான்காவது தடவை பகிடி இல்லாமல் கேட்டேன். “சரி அப்பா” என்றாள். அந்தச் ‘சரி’யை அதற்குமேல் கிண்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

வதனி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து உறையைப் பற்றிச் சொன்னேன். “எங்கட வீட்டையும் ஒண்டு வந்தது, அண்ணை. அம்மா தலகாணிக்குக் கீழ வைச்சிருந்தவ” என்றா. அதைவிட அவ என்னை ஏசியிருக்கலாம்.

திகதியை எழுதி அனுப்பினேன். மூன்று வாரத்தில் சங்கம் பதிவானது. அந்தக் கடிதம் வெள்ளை உறையில் வந்தது. இலையுதிர்காலத்தில் எனக்குக் குடியுரிமையும் கிடைத்தது. கொடுத்த அதிகாரி சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைகுலுக்கி, இனி நீங்களும் வாக்களிக்கலாம் என்றார்.

ஹாலேக்குப் பரீட்சை நிலையம் வரவில்லை. அந்த வருடமும் பரீட்சை மேற்கில்தான் நடந்தது. பதினொரு பிள்ளைகளில் ஏழு பேர் போய் எழுதினார்கள். மற்ற நால்வரின் பெற்றோரும் தாங்கள் சொன்னபடியே செய்தார்கள். நிலா அந்த நால்வரில் ஒருத்தி. சனிக்கிழமைகளில் அவள் இப்போது நீச்சலுக்குப் போகிறாள். ஆதிரையின் வகுப்பில் ஏழு பேர் படிக்கிறார்கள்.